மீதி முப்பத்து நாலு நிமிடம்

முப்பத்து நாலு நிமிடம் மீதி என்றது திரை. அடுப்படிக்குப் போய்ப் பருப்பை இறக்கி வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தபோதும் முப்பத்து நாலுதான். முப்பத்தொன்பதில் ஆரம்பித்து மளமளவென்று ஐந்தைக் கழித்துக் கொடுத்தது, அப்புறம் என்ன கோபமோ, இனி அசைய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. மாரீஸ்வரி உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார்ந்தால் இன்னும் நேரமாகும் என்று ஏனோ தோன்றியது. திரையின் வலப்பக்கத்தில் புது சிஸ்டம் தன் பெருமையைத் தானே பேசிக்கொண்டிருந்தது, இனி எல்லாம் எளிது, இனி எல்லாம் வேகம், உங்கள் கோப்புகள் இனி பத்திரம் என்று, பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பேசுகிற மாதிரி. பத்திரமாம். யாருக்குத் தெரியும்? ஓடுகிறதா, நின்றுவிட்டதா? குனிந்து பெட்டியின் மேல் காதை வைத்தாள். உள்ளே கறுக் கறுக்கென்று எதையோ கொறிக்கிற சத்தம். கொறிக்கிறது என்றால் உயிர் இருக்கிறது. சத்தம் நின்றது. இவளுக்கும் மூச்சு நின்றது. மறுபடி கறுக். அந்த மூச்சோடு கூடவே சிந்துஜா டியூஷனுக்குக் கிளம்பும்போது சொன்னதும் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே, நிலைப்படியைப் பார்த்துச் சொன்னாள், "அம்மாவோட கேள்வித்தாள் எல்லாம் அதுலதான் இருக்கு. ஒண்ணும் ஆயிரக் கூடாது." நிலைப்படியிடம்தான் சொன்னாள். இவள் இந்த வீட்டுக்கு வந்த ஒன்றரை வருஷமாக அந்தப் பெண் இவளிடம் பேசியதெல்லாம் நிலைப்படியும் ஃபிரிட்ஜும் காலண்டரும் கேட்டதுதான். மரியாதைக் குறைச்சல் கிடையாது, வாங்க போங்கதான், ஆனால் பேச்சுக்கு முன்னால் சித்தி என்றோ வேறு என்னவோ என்றோ முறை வைத்து அழைப்பது கிடையாது. மொட்டையாக வரும். சாப்பாடு ஆச்சா. வாசக் கேட்டப் பூட்டிக்கோங்க. ஒண்ணும் ஆயிரக் கூடாது.

ஒன்றும் ஆகாது என்று இவளும் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டாள். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான். சிந்துஜாவின் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பாடச் சிடி இந்தப் பழைய சிஸ்டத்தில் ஓடவில்லை, ஓடவில்லை என்று தினமும் ஒரு முணுமுணுப்பு. இவள் புருஷன் தனுஷ்கோடி மின்வாரியத்தில் வேலை, ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிற ஆள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் இருட்டிவிடும். கடையிலிருந்து ஒரு சிடியை வாங்கிவந்து மேஜையில் வைத்துவிட்டு, "இது அப்கிரேடு சிடியாம், பழசு மேலயே ஏறிருமாம். நீதான் சிவகாசில பத்து வருஷம் டிடிபி பண்ணவ, நீயே போட்டுரு மாரி," என்றார். டிடிபி பண்ணுவது வேறு, சிஸ்டம் போடுவது வேறு. சமைப்பவளிடம் அடுப்புக் கட்டச் சொன்ன கதை. காலண்டர் பிரஸ்ஸில் இவள் வேலை ராகுகாலம், எமகண்டம், திருமண அழைப்பு, பூப்புனித நீராட்டு விழா, இரங்கல் என்று விரல் ஓயாமல் அடிப்பதுதான். சிஸ்டம் மக்கர் செய்தால் மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வருவார், இவர்கள் எழுந்து போய் டீ குடிப்பார்கள். அதை இவரிடம் விளக்கி என்ன ஆகப்போகிறது? முதலில் வேறு எங்காவது பிரதி எடுத்துவைத்திருக்கலாம். ஃபிளாப்பி போடுகிற வாய் என்றோ இறுகிவிட்டது. பென் டிரைவைச் சொருகினால் இந்தப் பழசு யாரோ எவரோ என்று இருக்கிறது. கடைக்குத் தூக்கிப்போய் எடுக்கலாம் என்றதற்கு, "பொட்டி வீட்ட விட்டுப் போகக் கூடாது," என்று சிந்துஜா ஃபிரிட்ஜிடம் சொல்லிவிட்டாள். அது அவள் அம்மாவின் பெட்டி. பிரேமலதா டீச்சர் வாங்கியது. மேலே போட்டிருக்கிற உறைகூட அந்த அம்மாள் தைத்தது, ஓரத்தில் நீலப் பூ. ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர், ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்து கேள்வித்தாள் அடிப்பார்களாம். அந்தக் கேள்வித்தாள்களை சிந்துஜா சில நாள் திறந்து பார்ப்பாள். படிப்பதில்லை, மேலிருந்து கீழே உருட்டுவாள், மூடிவிடுவாள். போட்டோவைப் பார்ப்பதைவிட அதைத்தான் அதிகம் பார்ப்பாள். மாரீஸ்வரி அதைத் திறந்ததே இல்லை. யாரும் திறக்காதே என்று சொல்லவில்லை, ஆனால் அடுத்தவர் டிபன் பாக்ஸை யாராவது திறப்பார்களா?

முப்பத்து நாலு. சிடி உள்ளே போனதும் அது கேட்ட முதல் கேள்வியிலேயே இவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பழையது இருக்கிறதா என்று தேடியது. தேடுகிறேன், பொறு என்றது. வெறும் டிஸ்க்கில் இது ஏறாதாம், பழைய சிஸ்டம் ஒன்று இருக்க வேண்டும், அல்லது அதன் சிடியையாவது காட்ட வேண்டும், அப்போதுதான் புதுசு உள்ளே வரும். இந்தக் கேள்வி தெரிந்த கேள்வி. கல்யாணத்தன்று காலையில் இதே கேள்விதான். இரண்டாம் தாரம் என்றால் மூத்தவளுக்குச் சேலை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தாலி. பிரேமலதாவின் படத்துக்கு முன்னால் வாழை இலை விரித்து, மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச் சேலையை வைத்து, சூடம் காட்டி, தனுஷ்கோடியின் அக்காள் அந்தச் சேலையை எடுத்து இவள் கையில் கொடுத்து, "மூத்தா சம்மதிச்சிட்டா, கட்டிக்கிட்டு வா," என்றார். படத்தில் அந்த அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கே உண்டான பார்வையோடு இருந்தார். சம்மதித்த மாதிரியும் இருந்தது, ஒரு மார்க் குறைத்த மாதிரியும் இருந்தது. சிந்துஜா அப்போது எங்கே நின்றாள்? தூணுக்குப் பின்னாலா? நினைவில்லை. இலையில் வைத்த மஞ்சள்கிழங்கு ஞாபகம் இருக்கிறது, அதில் ஒட்டியிருந்த மண் ஞாபகம் இருக்கிறது, பெண் எங்கே நின்றாள் என்பது இல்லை. முப்பத்தாறு வயதில் கல்யாணம் ஆகிறவளுக்குத் தன் படபடப்பே பெரிய பாடு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தேடி முடித்த சிடி, பழையது இருக்கிறது என்று தானே கண்டுபிடித்துக்கொண்டு, அடுத்த கேள்வியைப் போட்டது. பழையதை வைத்துக்கொண்டு அதன் மேல் ஏறட்டுமா, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏறட்டுமா?

அந்த இடத்தில்தான் அது நடந்தது. நடந்தது என்ன, ஒன்றும் நடக்கவில்லை. அம்புக்குறி முதல் வரியில் இருந்தது. இவள் கை அதை இரண்டாவது வரிக்குக் கொண்டுபோனது, கொண்டுபோய் நிறுத்தியது, அவ்வளவுதான். அழுத்தவில்லை. ஆனால் அந்த ஒரு நொடிக்கு வீடு எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டாள். சுத்தமாக, புதிதாக, நீலப் பூ உறை இல்லாமல், ஒருவரும் எதையும் உருட்டிப் பார்க்காமல். தெரியாமல் ஆகிவிட்டது என்று சொன்னால் போதும். சிடியில் என்னமோ கோளாறு என்று சொன்னால் தனுஷ்கோடி தலையாட்டிவிடுவார். சே. என்ன புத்தி இது. சூடு பட்டவள் மாதிரி அம்புக்குறியை முதல் வரிக்கு இழுத்து, பழையது இருக்கட்டும் என்றுதான் அழுத்தினாள், நிச்சயமாக அதைத்தான் அழுத்தினாள். அழுத்தினாளா? கண்ணால் பார்த்தாள், முதல் வரியில்தான் புள்ளி இருந்தது. இருந்ததா? அதற்குப் பிறகுதானே இது முப்பத்து நாலில் வந்து நின்றது. மனசில் நினைத்ததற்கெல்லாம் மிஷின் கோபித்துக்கொள்ளுமா? கோபித்துக்கொள்ளாது என்று தெரிகிறது, ஆனாலும் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். மூத்தாள் சட்டியை இளையாள் உடைத்தால் என்ன சட்டி என்று யாரும் சொல்லிவைக்கவில்லை, அது அவ்வளவு பெரிய சட்டி. ஊர் பேசுவது கிடக்கட்டும். எதிர்வீட்டு அம்மாள் கேட்டை உலுக்கிக்கொண்டு வந்து, அப்படியா, எல்லாம் போயிருச்சா, அடப்பாவமே என்று இவள் முகத்தைப் படித்துவிட்டுப் போகட்டும். தனுஷ்கோடி ஒரு வேளை சாப்பிடாமல் இருக்கட்டும். அந்தப் பெண் ஒன்றும் சொல்ல மாட்டாளே, அதுதான் பயம். இப்போதாவது நிலைப்படியிடம் பேசுகிறாள். அதுவும் நின்றுவிடும். பதினைந்து வயசுப் பெண் ஒருத்தி வீட்டுக்குள்ளே வாயை மூடிக்கொண்டால் அதைத் திறக்கிற சாவி எந்தக் கடையிலும் கிடையாது. ஒன்றரை வருஷத்தில் இந்தப் பெண்ணின் மொட்டைப் பேச்சுக்காக இப்படிப் பயப்படுவோம் என்று மாரீஸ்வரி எதிர்பார்க்கவில்லை, அவளுக்கே அது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

மின்விசிறி ஒரு சுற்று மெதுவாகச் சுற்றியது. வோல்டேஜ் இறங்குகிறதா? ஐயோ, கரண்ட். அதை மறந்தே போனோமே. மேஜைக்குக் கீழே இருக்கிற யுபிஎஸ் பேருக்குத்தான், கரண்ட் போனால் பீங் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கூடவே போய்விடும், எஜமானுக்கு முன்னால் மயங்கி விழுகிற காவல்காரன். பாதியில் நின்றால் பழையதும் போச்சு, புதியதும் போச்சு. ஓடிப்போய், டூட்டியில் இருந்த தனுஷ்கோடிக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, இன்னிக்கு நம்ம லைன்ல கரண்ட் கட் ஏதும் உண்டா?"

"ஞாயித்துக்கிழம என்ன கட்டு? ஏன், ஃபேன் ஓடலயா?"

"ஓடுது. சிஸ்டம் போட்டுக்கிட்டு இருக்கேன். நடுவுல போச்சுன்னா எல்லாம் போயிரும். பிரேமாக்கா கேள்வித்தாள் பூரா அதுல கெடக்கு."

அந்தப் பக்கம் பின்னால் யாரோ டிரான்ஸ்பார்மர் நம்பர் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு அது தோணலயே மாரி," என்றார். குரல் இறங்கியிருந்தது. "இரு, நம்ம ஃபீடர்ல கைய வைக்க வேணாம்னு சொல்லிர்றேன். எவ்வளவு நேரம் ஆகும்?"

"முப்பத்து நாலு நிமிசங்குது. ஆனா ரொம்ப நேரமா அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கு."

"நம்ம ஆபீஸ் மாதிரிதான்னு சொல்லு," என்றார் தனுஷ்கோடி. சிரிக்க வைக்கப் பார்க்கிறார் என்று தெரிந்தது. இவளால் முடியவில்லை, உம் என்று மட்டும் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு வந்தால் திரையில் முப்பத்து மூன்று. தான் இல்லாதபோதுதான் நகர்ந்திருக்கிறது, பார்க்கிறவர்களுக்கு முன்னால் சாப்பிடக் கூச்சப்படுகிற பிள்ளை மாதிரி. சரி, பார்க்க வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். எதிர்மாடியில் காய்கிற போர்வையைப் பார்த்தாள். பிரேமாக்கா என்று சொல்லிவிட்டோமே, எங்கிருந்து வந்தது அந்த அக்கா? இதுவரை சிந்து அம்மா என்றுதான் சொல்லியிருக்கிறாள், அல்லது டீச்சர். அவசரத்தில் வாய் தானாக ஒரு முறையைக் கண்டுபிடித்துக்கொண்டது. உயிரோடு இருந்திருந்தால் அக்காதான், இரண்டு வயசு மூத்தவர். உயிரோடு இருந்திருந்தால் இவள் இங்கே ஏன் நிற்கப் போகிறாள், சிவகாசியில் ஏதாவது ஒரு ராகுகாலத்தை அடித்துக்கொண்டிருப்பாள். பிரஸ்ஸில் பக்கத்து மெஷினில் இருந்த ரூபாவதிக்கு ஒரு வழக்கம், பக்கம் பெரிதாக இருந்தால் சேமிக்கிற பட்டனை அழுத்திவிட்டு முருகா என்று ஒரு தடவை சொல்லுவாள். முருகா சொல்ல மறந்த அன்று ஒரு சஷ்டியப்தபூர்த்தி அழைப்பிதழ் முழுசாகப் போய்விட்டது. மாரீஸ்வரி சத்தம் வராமல் முருகா என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, திரை கறுத்துவிட்டது. முழுக் கறுப்பு, ஒரு எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை. அதில் இவள் முகம்தான் தெரிந்தது. கறுக் சத்தமும் இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. பட்டனைத் தொடலாமா? தொட்டால் செத்துவிடும். தொடாவிட்டாலும் செத்திருக்கலாம். கைகளைக் கட்டிக்கொண்டு, இல்லை, இரண்டாவது வரியை நான் அழுத்தவில்லை, பழையது இருக்கட்டும் என்றுதான் சொன்னேன், சத்தியமாக அப்படித்தான் சொன்னேன் என்று யாரிடமோ வாதாடினாள். யாரிடம்? கண்ணாடி போட்ட ஒரு முகத்திடம். அப்போது ஒரு சின்ன பீப் சத்தம், பிறகு வெளிச்சம். தானாக அணைந்து தானாக எழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அதற்குப் பிறகு அது இவளைக் கவனிக்கவே இல்லை, ஏதோ எழுதியது, ஏதோ அழித்தது, இன்னொரு தடவை அணைந்து எழுந்தது, கடைசியில் பச்சைப் புல்வெளியும் நீல வானமுமாக ஒரு படத்தை விரித்துப் போட்டுவிட்டு, வருக என்று ஒரு சங்கீதம் வாசித்தது. மாரீஸ்வரி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

அந்த ஃபோல்டர் இருந்தது. உள்ளே எல்லாம் இருந்தன, வரிசையாக, ஆண்டுவாரியாக. அம்மாடி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். திறக்கலாமா? திறக்காமல் எப்படி நிச்சயமாகத் தெரியும்? டிபன் பாக்ஸ் காலியா என்று பார்க்க ஒரு தடவை திறந்துதான் ஆக வேண்டும். நடுவில் இருந்த ஒன்றைத் தொட்டாள். திறந்தது. திரை முழுக்க ஆங்கில எழுத்து. ஜெயும் கேயும் அரைப்புள்ளியும் கமாவும் கலந்து, எறும்புப் புற்றைக் கலைத்துவிட்ட மாதிரி ஒரு பக்கம். ஒரு தமிழ் எழுத்து இல்லை. ஆனால் அடுத்த நொடியே விரல்களுக்குப் புரிந்துவிட்டது, மூளைக்கு முன்னால். இது அழிந்ததல்ல. பழைய தமிழ் ஃபாண்ட் போய்விட்டது, அவ்வளவுதான். அந்தக் காலத்துத் தமிழ் ஃபாண்ட் எல்லாம் வேஷம்தான், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ்ச் சட்டை. எம் என்று அடித்தால் அ என்று தெரியும், ஜி என்று அடித்தால் ப. சட்டையைப் புது சிஸ்டம் கழற்றிவிட்டது, ஆள் அப்படியே நிற்கிறார். சிவகாசிக்குப் போன் போட்டு ரூபாவதியிடம் சொன்னால் அந்த ஃபாண்டைச் சிடியில் போட்டு அனுப்பிவிடுவாள். பெரிய விஷயமே இல்லை. பெரிய விஷயமே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரும்பினால், அறை வாசலில் சிந்துஜா நிற்கிறாள். பை இன்னும் தோளில். கண் திரையில்.

"போயிருச்சா?" என்றாள்.

"போகலம்மா. எல்லாம் அப்படியே இருக்கு. ஃபாண்டு மட்டும்தான்..."

"என்ன இருக்கு? ஏபிசிடியா கெடக்கு." குரல் உடைந்துகொண்டு வந்தது. "ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னுதானே சொன்னேன்."

"ஆகல சிந்து. இது தமிழ்தான். எங்க பிரஸ்ல நாங்க இப்படியே படிப்போம்."

"சும்மா சொல்றீங்க."

என்ன சொல்லி நம்ப வைப்பது? ஃபாண்ட் வர இரண்டு நாளாவது ஆகும். இரண்டு நாள் இந்த முகத்தை வைத்துக்கொண்டு இந்தப் பெண் வீட்டுக்குள் நடமாட வேண்டும். மாரீஸ்வரி திரும்பித் திரையில் விரலை வைத்து வாசித்தாள். "ஆறாம் வகுப்பு. கணக்கு. காலாண்டுத் தேர்வு. நேரம் இரண்டரை மணி."

"எல்லாத் தாள்லயும் அதான் போட்டிருக்கும்."

"ஒன்று. இருபத்து நான்கு, முப்பத்தாறு ஆகியவற்றின் மீப்பெரு பொது வகுத்தி காண்க."

"இது புஸ்தகத்துலயே இருக்கு. யாரு வேணா சொல்லலாம்."

அதுவும் சரிதான். இரண்டாவது ஒரு முக்கோணம், அதையும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். மூன்றாவதுக்கு வந்தாள். ஒரு பாத்திரத்தில் பன்னிரண்டு லிட்டர் என்று வாசித்து, அடுத்த சொல்லில் நாக்கு நின்றது. ஜி, ஒய், அரைப்புள்ளி. ஜிக்கும் ஒய்க்கும் நடுவில் ஒரு எச் இருக்க வேண்டும், அதுதான் துணைக்கால். இல்லை. கால் விட்டுப் போயிருக்கிறது. பத்து வருஷத்தில் இந்த மாதிரி எத்தனை கால்களை இவள் கேட்காமலே நட்டுவைத்திருக்கிறாள், கண் பார்ப்பதற்கு முன் கை திருத்திவிடும், வாய் சரியாகவே வாசித்துவிடும். இப்போதும் வாய் சரியாக வாசிக்கத்தான் போனது. செத்துப்போன டீச்சரின் பிழையை அவர் மகள் முன்னால் போட்டு உடைப்பதா? அதைவிடப் பெரிய பாவம் உண்டா? உண்டு. இல்லாததைச் சேர்த்து வாசிப்பது. அந்த அம்மாள் வைத்துவிட்டுப் போனது எதுவோ அது அப்படியே இருக்கிறது என்றுதானே இவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"ஒரு பாத்திரத்தில் பன்னிரண்டு லிட்டர் பல் இருந்தது," என்று வாசித்தாள். "அதில் நான்கில் மூன்று பங்கை விற்றுவிட்டால் மீதி எவ்வளவு?"

தப்புப் பண்ணிவிட்டோம் என்று நினைத்தாள்.

"பல்லா?"

"பல்லுன்னுதாம்மா இருக்கு. கால் இல்ல."

சிந்துஜா சிரித்துவிட்டாள். முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல். தோளிலிருந்து பை நழுவிக் கீழே விழுந்தது. "எங்க கிளாஸே சிரிச்சுச்சு அன்னிக்கு," என்றாள். "நான்தான் எந்திருச்சு, மிஸ், இது பாலா பல்லான்னு கேட்டேன். ஸ்கூல்ல மிஸ்னுதான் கூப்பிடணும். பல்லுக்கே கணக்குப் போடு, மார்க்கு தர்றேன்னாங்க. நான் மூணு லிட்டர் பல்லுன்னு எழுதுனேன். முழு மார்க்கு." சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரிந்திருக்காது. சுவரில் சாய்ந்துகொண்டு, துப்பட்டாவால் முகத்தை அழுத்தி அழுதாள். மாரீஸ்வரி எழுந்திருக்கவில்லை. எழுந்து போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, அது அந்தப் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் போய் நிற்பது மாதிரி ஆகிவிடும் என்றும் இருந்தது. அழுது முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

"அதத் திருத்திராதீங்க," என்றாள் சிந்துஜா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நிலைப்படியிடம் இல்லை.

"நான் இந்த ஃபைலையே தொட மாட்டேம்மா. ஃபாண்டு வந்ததும் நீயே பாத்துக்க."

"தொடலாம். திருத்தத்தான் கூடாது." சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள், ஒன்றும் புரியாத அந்தப் பக்கத்தை. "நாலாவது என்ன போட்டிருக்காங்க?"